பாட்டில்லாமல் வந்த போட்டு

முதலில் கொடி தெரிந்தது. அப்புறம் நீலமும் பச்சையுமாய்ப் பூசிய முன்பக்கம். எங்கள் போட்டுதான், சந்தேகமே இல்லை. போட்டுகளைக் கட்டுகிற ஜெட்டியின் ஓரத்தில் ஈரச் சிமெண்டு தரையில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரர்களின் சத்தம், காக்காய்களின் சத்தம் எல்லாம் காதில் விழுந்தன.

பாட்டு மட்டும் விழவில்லை.

காற்று மாறி அடிக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது. கேபின் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தெரிந்தது. அதன் வாய் எங்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது. சத்தம் இல்லை. வீல் பிடித்து நிற்கிற ஆளைப் பார்த்தேன். அங்கே செல்வம் நிற்கவில்லை. கூடத் தொழிலுக்குப் போகிற காசி நின்றான்.

செல்வம் என் கணவர். அந்தப் போட்டின் டிரைவர். எந்தக் காற்றிலும் போட்டைக் கரைக்குக் கொண்டுவரும்போது வீல் பிடிப்பது அவர்தான். வேறு ஆள் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற எங்கள் தெரு சபுரா அக்கா என் கையைப் பிடித்தார்.  ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

போட்டுக்கு ஒரு பாட்டு

அன்றைக்கு என் ஈரக்குலை ஏன் நடுங்கியது என்று புரிய வேண்டுமானால் எங்கள் தெருவின் ஏற்பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெகதாப்பட்டினம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தெரு ஆட்கள் போகிற சில விசைப்படகுகளுக்குள் மட்டும் இருக்கிற வழக்கம் இது. விசைப்படகு என்று நாங்கள் சொல்வதில்லை, போட்டு என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கடலுக்குப் போன போட்டு திரும்பும்போது, கரை கண்ணுக்குத் தெரிந்ததும் தன் பாட்டைப் போட வேண்டும். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு பாட்டு. ஒன்றுக்கு மாதா பாட்டு, ஒன்றுக்கு ஐயப்பன் பாட்டு, ஒன்றுக்கு நாகூர் பாட்டு. எங்களுடையது ஒரு பழைய சினிமாப் பாட்டு. எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதை முணுமுணுத்துக்கொண்டே மீதியைப் படிப்பீர்கள். அதை நினைத்தாலே எனக்குப் பேனா ஓடாது.

ஐஸ்காரர்களையும் கூடைக்காரப் பெண்களையும் முன்கூட்டியே கூப்பிடுவதற்குத்தான் ஆரம்பத்தில் பாட்டுப் போட்டார்களாம். போகப் போக அது வேறு ஒன்றாகிவிட்டது. போனவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்பினால்தான் பாட்டு. ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஒருவரை விட்டுவிட்டு வர நேர்ந்துவிட்டால், பாட்டுப் பெட்டியைத் தொடமாட்டார்கள். யாரும் உட்கார்ந்து பேசிப் போட்ட சட்டம் இல்லை. இழவு வீட்டில் யாராவது டிவி போடுவார்களா, அந்த மாதிரிதான்.

அதனால் எங்கள் தெருப் பெண்கள் காதால்தான் கடலைப் பார்ப்பார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். தூரத்தில் பாட்டு கேட்கும். கரண்டி ஒரு நொடி நிற்கும், பிறகு சுற்றத் தொடங்கும். வெளியூர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைப்பார்.

பாட்டில்லாமல் ஒரு போட்டு வந்ததை அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசு. அது சபுரா அக்காவின் வீட்டுக்காரர் போன போட்டு. ஜெட்டியில் சந்தைக்கடை மாதிரி கூட்டம். அந்தப் போட்டு உள்ளே வர வர ஒவ்வொரு சத்தமாய் அடங்கியது. ஐஸ் உடைக்கிறவர்கூடக் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். வலையை இறக்கும்போது கயிறு காலில் சுற்றி ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டதென்று பிறகு சொன்னார்கள். ஆனால் போட்டைக் கட்டுவதற்கு முன்பே, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மீன் கூடையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். அழவில்லை. கூடைக்குள் கிடந்த சும்மாட்டுத் துணியை எடுத்து மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த முகம் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு வரும். அதற்குப் பிறகும் அக்கா தினமும் ஜெட்டிக்கு வருகிறார், மீன் எடுத்து விற்கிறார். மற்ற பெண்கள் வீட்டிலிருந்தே பாட்டைக் கேட்டுக்கொள்ள, அவர் மட்டும் எல்லாப் போட்டும் வந்து முடியும்வரை நின்றுவிட்டுத்தான் போவார்.

பயந்தாங்கொள்ளி

என் கல்யாணக் கதையை இதே பகுதியில் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இவ்வளவு பயப்படுகிற நீங்கள் ஏன் கடலுக்குப் போகிறவரைக் கட்டிக்கொண்டீர்கள்?" நியாயமான கேள்வி. என் அம்மாவும் இதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக.

நான் பொன்னமராவதிக்காரி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர். அதுவும் பாதி வருஷம் இருக்காது. கடலை நான் முதலில் பார்த்ததே நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான். செல்வத்தைப் பார்த்தது புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். வீட்டில் திட்டி அனுப்பினார்கள் என்று கோர்ஸ் படிக்க வந்தவர். அவருக்குக் கீபோர்டு பிடிபடவே இல்லை. எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடிப்பார், முகத்தில் அப்படி ஒரு கோபம் இருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்தே நான் மாட்டிக்கொண்டேன்.

என் பயம் சாதாரணப் பயமில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிடும். கடல் எல்லைக்கு அங்கிட்டுப் பிடிபட்ட மீனவர்களைப் பற்றி டிவியில் செய்தி வந்தால் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம ஊரான்னு பாருங்க" என்று செல்வத்திடம்தான் சொல்வேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுசனுக்காகவே பயப்படுகிறவள் நான்.

"ஒனக்குப் பயப்படுறதே ஒரு வேலையாப் போச்சு" என்பார்.

"வேற என்ன வேலை குடுத்தீங்க எனக்கு" என்பேன்.

அவர் "போயிட்டு வாரேன்" என்று கிளம்பும்போது, ஊரில் எல்லாரும் சொல்வதைப் போல "போயிட்டு வாங்க" என்று நான் சொல்வதில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்வேன். போகிற பேச்சே என் வாயிலிருந்து வரவேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அவரும் இதுநாள்வரை ஏன் என்று கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பெட்டி

வேலை இல்லாமலும் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், விண்ணப்பம் நிரப்புவது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. எங்கள் தெருப் போட்டுகளின் பாட்டெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் தூங்குகின்றன.

போட்டில் இருந்த பழைய பாட்டுப் பெட்டி உப்புக் காற்றில் செத்துப் போனது. செல்வம் எங்கேயோ ஒரு பழைய சாமான் கடையிலிருந்து இரும்புப் பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்வதற்கு வைத்திருந்ததாம். கார்டு போட ஒரு துளை, ஒரு பட்டன், ஒரு சிவப்பு விளக்கு, சுருட்டின வயரோடு ஒரு மைக்.

"தூக்கிக் கடல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார், பெருமையாகத் தட்டிக் காட்டி.

பாட்டுக் கார்டைப் போட்டு பட்டனை அழுத்தினோம். சிவப்பு விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. சத்தம் வரவில்லை.

ஒரு மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியபிறகு எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் பெட்டிக்கு எம்பி3 ஆகாது. வேவ் ஃபைல் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எம்பி3 என்பது சுருக்கிய பாட்டு. காது கவனிக்காது என்று அவர்கள் நினைக்கிற சத்தத்தையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சின்னதாக மடித்து வைத்திருப்பார்கள். வேவ் என்பது மடிக்காத பாட்டு. ஃபைல் பல மடங்கு பெருத்திருக்கும். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதற்கு சாப்ட்வேர் இருக்கிறது. பாட்டை உள்ளே இழுத்துப் போட வேண்டும், வேவ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பட்டனைத் தட்டிவிட்டுப் பச்சைக் கோடு ஓடி முடிகிறவரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு வராது.

"இப்ப மாத்திட்டா, எடுத்து எறிஞ்ச சத்தமெல்லாம் திரும்பி வந்துருமா?" என்று கேட்டார்.

"வராதுங்க. போனது போனதுதான். தேங்காச் சக்கையில தண்ணிய ஊத்துனா அளவு கூடும். பாலு கூடுமா?"

"பின்ன எதுக்கு மாத்துற?"

"ஒங்க பெட்டி கேக்குது, நான் மாத்துறேன். அதுகிட்டப் போயி கேளுங்க."

பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குக் குடுமியான்மலை நினைவு வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா கூட்டிப் போனார்கள். அங்கே பாறையில் எழுத்தெழுத்தாய் வெட்டியிருந்ததைக் காட்டி, இது சங்கீதம் என்றார் டீச்சர். ஸ்வரங்களை அப்படியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாம். வெயிலில் கண் கூச நான் அந்தப் பாறையில் காதை வைத்துப் பார்த்தேன். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஏதாவது கேட்கும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். கல் சுட்டதுதான் மிச்சம். எழுதியது அப்படியே இருந்தது, பாடியவர்தான் இல்லை.

மாற்றிய ஃபைலைக் கார்டில் ஏற்றிப் பெட்டியில் போட்டோம். பாட்டு வந்தது பாருங்கள், எதிர்க்கடை ஷட்டர் அதிர்ந்தது. செல்வத்துக்கு ஒரே சந்தோஷம். நான் வேலை செய்த நேரமெல்லாம் அவர் என் தோளுக்கு மேல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதில் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கரண்டு இல்லாத மத்தியானம்

சில வாரம் போயிருக்கும். கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்கு ஓடி வந்தார். பெட்டிக்குள் தண்ணீர் போகவில்லை, ஆனால் பெட்டியிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்த கார்டுக்குள் போய்விட்டதாம். புதுக் கார்டு வாங்கி வந்திருந்தார்.

"பாட்டை ஏத்திக் குடு வசந்தி."

கடையில் கரண்டு இல்லை. லைன் வேலை பார்க்கிறார்கள், பொழுது சாய்ந்துதான் வரும் என்று பக்கத்துக் கடையில் சொல்லியிருந்தார்கள். யுபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருந்தது.

"பொழுது சாயட்டும். ஏத்தி வீட்டுக்கு எடுத்துட்டு வாரேன்."

"நான் எங்க வீட்டுக்கு வர்றது. டீசல் போடணும், ஐஸ் ஏத்தணும், மீன்துறை ஆபீஸ்ல டோக்கன் வாங்கணும். இங்கிட்டும் அங்கிட்டும் அலையவே நேரம் பத்தாது. விடு, போன்ல பாட்டு இருக்குல்ல, நான் பாத்துக்கிறேன்."

"போன்ல இருக்கிறது எம்பி3ங்க. மாத்தணும்."

"மாத்திக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

போனிலேயே மாற்றுவதற்கும் வழி இருக்கிறது. யாரிடமாவது கேட்டுச் செய்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். வெக்கையில் எனக்கும் எரிச்சலாக இருந்தது.

"சரி, போயிட்டு வாரேன்" என்றார்.

"வாங்க" என்றேன்.

மாறிப்போன செருப்பு

போட்டுகள் திரும்பவேண்டிய காலையில் பால் வாங்கத் தெருவில் இறங்கினேன். அங்கங்கே ஆட்கள் கூடி நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அது ஒன்று போதாதா எனக்கு?

"போட்டுகளப் பிடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க" என்றார் பால்காரர், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

"எந்தப் போட்டு?"

"அது தெரியலங்க."

யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் ஒரு பேரைச் சொன்னார், இன்னொருவர் இல்லவே இல்லை என்றார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இரைச்சல்தான் பதிலாக வந்தது. செல்வத்துக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அவளுக்கென்ன, யாருக்கும் ஒரே குரலில் சொல்வாள். மறுபடி போட்டேன், மறுபடி சொன்னாள். அந்தக் காலையில் எல்லை என்கிற வார்த்தையை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

அதற்குள் பொன்னமராவதியிலிருந்து அம்மா.

"டிவியில என்னமோ ஓடுது. மாப்பிள்ளை வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டு இருக்காரும்மா."

"பாட்டு கேட்டுச்சா?"

அம்மாவுக்கும் இந்த வழக்கம் தெரியும். கடலையே பிடிக்காத மனுசி, பாட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார்.

"கேக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பாலை அடுப்பில் வைக்கவில்லை. கதவைச் சாத்தினேனா என்பதும் தெரியவில்லை. ஜெட்டிக்கு நடந்தேன், பாதி தூரம் ஓடினேன்.

சபுரா அக்கா கூடையோடு நின்றிருந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"காலைப் பாரு புள்ள."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு. இன்னொரு காலில் செல்வத்தின் செருப்பு. கழற்றிப் போடத் தோன்றவில்லை. விரலை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போட்டுகள் வரத் தொடங்கின. முதலில் மாதா பாட்டு கேட்டது. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி "அம்மாடி" என்று மூச்சை விட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஐயப்பன் பாட்டு. இன்னொரு வீட்டுக்காரர்கள் கலைந்து போனார்கள். அப்புறம் நாகூர் பாட்டு. ஒவ்வொரு பாட்டு வரும்போதும் ஜெட்டியில் பெண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எனக்கு அந்தப் பாட்டுகளின்மேல் ஆத்திரமாக வந்தது. சாமி பாட்டு என்றும் பார்க்கவில்லை. என் பாட்டு வராமல் இதெல்லாம் எதற்கு வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் எங்கள் போட்டு வந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கேபின் வாசலில் இரண்டு கால்கள்

சத்தமில்லாத போட்டைப் பார்த்ததும் ஜெட்டியில் சத்தம் குறையத் தொடங்கியது. ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். ஐஸ் உடைக்கிறவர் என்னைப் பார்த்தார், கட்டையைக் கீழே வைத்தார். அவர் அதை வைத்த விதம் எனக்குத் தெரியும். அதே மாதிரி அவர் வைத்ததை நான் முன்னால் பார்த்திருக்கிறேன்.

காசி கரையைப் பார்க்கவில்லை. வீலைப் பிடித்தபடி தலையைத் திருப்பித் திருப்பிக் கேபினுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்களும் கரையைப் பார்க்கவில்லை. வழக்கமாகக் கயிறு வீசப் போட்டின் முன்பக்கம் வந்து நிற்பார்கள். இப்போது கேபின் வாசலில் கூடிக் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதையோ என்றா எழுதினேன்? யாரையோ என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ஒருவர் கொஞ்சம் விலகினார். கேபின் வாசலுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டு கிடந்தன. அசையவில்லை. கைலியை அடையாளம் கண்டேன். அவர் கிளம்புவதற்கு முன்னால் நான் துவைத்து மடித்துக் கொடுத்த கைலி.

பயம் என்றால் கத்துவோம், அழுவோம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. காது அடைத்துக்கொண்டது.  பொன்னமராவதியில் யாருக்கு முதலில் போன் போடுவது, அம்மாவிடம் சொன்னால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே, கடைச்சாவி எங்கே வைத்தேன் என்று மனசு கண்டபடி ஓடியது. எரிச்சலோடு "வாங்க" என்று சொன்னேனே, இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாமே என்று அதுவேறு. சபுரா அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்துவது மட்டும் தெரிந்தது. 

அப்போது ஸ்பீக்கர் 'கர்ர்' என்றது.

காக்காய்கள் எழுந்து பறந்தன. மறுபடி 'கர்ர்'. யாரோ மைக்கில் ஊதினார்கள். ஒரு இருமல். அப்புறம் ஒரு குரல் எங்கள் பாட்டைப் பாடத் தொடங்கியது.

பாடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். முதல் வரியை இழுத்தது, இரண்டாவது வரி தெரியாமல் முழித்தது, மறுபடி முதல் வரிக்கே வந்தது. அடிக்குரல் கட்டை. எனக்குத் தெரிந்த குரல். வாசலில் கிடந்த கால்கள் மடங்கின, கைலி எழுந்தது, கேபின் ஜன்னலில் செல்வத்தின் தலை தெரிந்தது, வாயோரத்தில் மைக்கோடு.

ஜெட்டி முழுக்கச் சிரித்தது. ஏலக்காரர் சிரித்தார், ஐஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.  நான் அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எந்திரி புள்ள. ஒம் பாட்டு வந்துருச்சு" என்றார் சபுரா அக்கா.

என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை திரும்பவே இல்லை.

பேரை மாற்றினால் போதுமா

போட்டைக் கட்டி இறங்கினதும் இறங்காததுமாக அவர் தோளில் நாலு அடி போட்டேன். ஊர் பார்க்கிறதே என்று கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க அந்தக் கார்டை?"

"நீ பண்ணதைத்தான் பண்ணேன். பாட்டுப் பேருக்குப் பின்னாடி எம்பி3ன்னு இருந்துச்சு. அதை அழிச்சிட்டு வேவ்னு அடிச்சேன். அன்னைக்கு நீ மாத்துனப்பவும் அது ஒண்ணுதானே மாறுச்சு, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

இதைத்தான் என் தோளுக்கு மேல் நின்று கற்றுக்கொண்டிருக்கிறார் மனுசன். அதுவும் அந்த ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்திருப்பார்.

"பேரை மாத்துனா பாட்டு மாறிருமா? போட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு வேற பேரு எழுதுனா வேற போட்டாயிருமா?"

"ஓனர் மாறுனா அப்புடித்தானேக்கா பண்றோம்" என்றான் காசி, வலையை இழுத்துக்கொண்டே. நான் பார்த்த பார்வையில் அந்தப் பக்கம் போய்விட்டான்.

செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கரை தெரிந்ததும் பட்டனை அழுத்தியிருக்கிறார். சிவப்பு விளக்கு சிமிட்டியிருக்கிறது. ஊர்ப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் பாட்டு வராவிட்டால் நான் என்ன ஆவேன் என்பது தெரியும்.

"நீ பயந்துருவேன்னுதான் வீலைக் காசிகிட்ட குடுத்துட்டு, பெட்டிக்கடியில படுத்து வயரை நோண்டிக்கிட்டுக் கிடந்தேன். மைக்கு ஞாபகமே அப்புறம்தான் வந்துச்சு."

நான் பயப்படக்கூடாது என்று வீலை விட்டாராம், நான் பயப்படக்கூடாது என்று கால் நீட்டிப் படுத்தாராம். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள். மறுபடி ஒரு அடி போட்டேன். இந்தத் தடவை வலிக்கிற மாதிரி இல்லை.

பிடிபட்டது வேறு ஊர்ப் போட்டுகள் என்று மத்தியானம் தெரிந்தது. அப்பாடா என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஊர் ஜெட்டியில் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு எவளோ ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் மாற்றாத ஃபைல்

மறுநாள் கரண்டு இருந்தது. பாட்டை முறையாக வேவ் ஆக்கி, கார்டில் ஏற்றி, கடையிலேயே போட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் மண்டையில் ஏறி உட்கார்ந்தது.

இந்தப் பாட்டு செல்வம் பட்டனை அழுத்தினாலும் வரும். காசி அழுத்தினாலும் வரும். யாருமே நினைக்காமல் கைபட்டாலும் வரும். அவர் இல்லாமலே அந்தப் போட்டு ஒரு நாள் திரும்பி, பழக்கதோஷத்தில் எவனாவது பட்டனைத் தட்டிவிட்டால், நான் அடுப்படியில் கரண்டியைச் சுற்றிக்கொண்டுதான் இருப்பேன். இவ்வளவு வருஷமாக எதை நம்பிக்கொண்டிருந்தேன்?

கார்டைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டேன்.

"இனிமே கார்டு வேணாம். நீங்களே மைக்கில பாடுங்க" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் போட்டு அவருடைய கட்டைக் குரலோடுதான் கரைக்கு வருகிறது. இரண்டாவது வரி இன்னும் அவருக்கு வராது. "வசந்தி, ஒன் வித்துவான் வந்துட்டாரு, போயி சால்வை போத்து" என்று ஐஸ்காரர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். நான் வீட்டிலிருந்து கேட்டுக்கொள்வதில்லை இப்போது. ஜெட்டிக்கே போய் சபுரா அக்கா பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

போன மாதம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை. ஒரு முற்பகல் கடைக்கு வந்து போனை நீட்டினார். தொண்டை கட்டுவதற்கு முன்னால் கடலில் வைத்துத் தான் பாடியதை ரெக்கார்டு பண்ணியிருக்கிறாராம்.

"இதை வேவா மாத்திக் குடு. என் குரல்தானே, ஒனக்கும் திருப்தி. பட்டனை அமுக்குனாப் போதும். நான் மெனக்கெட வேண்டாம், காசியே போட்டுருவான்."

ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றி, ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இன்ஜின் இரைச்சல், தண்ணீர் அடிக்கிற சத்தம், நடுவில் அவர். முதல் வரி, முழிப்பு, மறுபடி முதல் வரி. சாப்ட்வேரைத் திறந்து ஃபைலை உள்ளே இழுத்துப் போட்டேன். வேவ் என்று தேர்ந்தெடுத்தேன். பட்டனுக்கு மேல் விரலை வைத்தேன்.

காசியே போட்டுருவான்.

விரலை எடுத்துவிட்டேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"கரண்டு இல்லைங்க" என்றேன்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. செல்வம் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப தொண்டைக்கு மிளகுக் கசாயம் போட்டு வை" என்றார். "நாளைக்குப் பாடணும்ல."